ஆசிரியரைத் தேடிப் போகும் பருவம்

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இசை படிப்பது இரண்டு விதமாக நடக்கிறது. முழுப் பட்டத்தையும் அங்கேயே படித்து முடிப்பது ஒன்று. சொந்த நாட்டுக் கல்லூரியில் பெயர் பதிவில் இருக்க, இடையில் ஒரு பருவமோ ஓராண்டோ வேறு நாட்டில் படித்து, அந்த மதிப்பெண்களைச் சொந்தப் பட்டத்தில் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. ஐரோப்பாவில் இந்த இரண்டாவது வழி இன்று சர்வ சாதாரணம். ஹெல்சிங்கியில் சேர்ந்த செல்லோ மாணவி மூன்றாம் ஆண்டை வியன்னாவில் கழிப்பதும், லிஸ்பன் கிட்டார் மாணவர் ஒரு பருவம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வருவதும் அங்கே யாரும் வியக்கிற விஷயம் இல்லை.

பொருளாதாரம் படிப்பவர் இப்படிப் போனால் ஒரு தாளுக்கு ஈடாக இன்னொரு தாளை எடுக்கிறார்; கணக்கு நேராகிவிடுகிறது. இசையில் அவ்வளவு எளிதாக ஈடு கட்ட முடிவதில்லை. வாரத்துக்கு ஒருமுறை ஓர் அறைக்குள் ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே இருக்கும் அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் இசைப் பட்டத்தின் உயிர். மற்ற வகுப்புகள் அதைச் சுற்றி நிற்பவை. அந்த ஆசிரியருக்கு ஈடாக இன்னோர் ஆசிரியரை எந்தப் பதிவாளர் அலுவலகமும் கணக்கில் காட்டிவிட முடியாது. ஆகவே எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்பதெல்லாம் பிறகுதான். யாரிடம் படிக்கப் போகிறோம் என்பதே முதல் கேள்வி. கிரெடிட்டும் ஒப்பந்தப் படிவமும், குருவைத் தேடி ஊர் விட்டு ஊர் போகும் பழைய வழக்கத்துக்குப் பிற்காலத்தில் போர்த்திய சட்டைகள்.

அந்த வழக்கத்துக்கு ஐரோப்பியர் முதலில் சொல்லும் உதாரணம் யோகான் செபாஸ்டியன் பாக். 1705 அக்டோபரில், இருபது வயதில், ஆர்ன்ஸ்டாட் என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அவர் நான்கு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு வடக்கே லூபெக் நகருக்குப் புறப்பட்டார். தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். நடந்தே போனதாக அவருடைய இரங்கல் குறிப்பு சொல்கிறது. அங்கே டீட்ரிக் புக்ஸ்டெஹூடே என்ற முதிய ஆர்கன் மேதை இருந்தார். அவருடைய வாசிப்பைக் கேட்டு நின்ற பாக், நான்கு வாரத்துக்குப் பதில் நான்கு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்பினார். தேவாலய நிர்வாகம் கூப்பிட்டு விசாரித்தது. விடுப்பு மீறியது ஒரு குற்றச்சாட்டு. பக்திப் பாடல்களுக்கு நடுவே விசித்திரமான ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்துச் சபையைக் குழப்புகிறார் என்பது இன்னொன்று. போன காரியம் பலித்ததற்கு அந்த இரண்டாவது குற்றச்சாட்டைவிட நல்ல சான்று கிடையாது.

பயணம் பாடத்திட்டத்துக்குள் வந்தது 19ஆம் நூற்றாண்டில். 1843இல் இசையமைப்பாளர் மெண்டல்சோன் லைப்ஸிக் நகரில் ஓர் இசைக் கல்லூரியைத் தொடங்கினார். ஜெர்மனியின் முதல் உயர்நிலை இசைப் பள்ளி அதுதான். நகரின் கெவாந்த்ஹவுஸ் இசைக்குழுவில் வாசித்தவர்களே அங்கே ஆசிரியர்கள். ஆகவே வகுப்பில் கேட்ட பாடத்தை மாணவர்கள் அரங்கத்தில் அப்படியே கேட்க முடிந்தது. வெளிநாட்டு மாணவர்கள் திரண்டு வந்தார்கள். 1858இல் நார்வேயிலிருந்து பதினைந்து வயது எட்வர்ட் கிரீக் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் லண்டனிலிருந்து வந்தவர் ஆர்தர் சல்லிவன். இவர் கதை நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. லண்டன் ராயல் அகாடமியில் படித்துக்கொண்டிருந்த சல்லிவனுக்கு 1856இல் மெண்டல்சோன் பெயரால் நிறுவப்பட்ட உதவித்தொகை முதன்முதலாகக் கிடைத்தது. முதலில் உள்ளூரிலேயே படிப்பு, அப்புறம் அதே உதவித்தொகையில் லைப்ஸிக் என்று ஏற்பாடு. 1861இல் படிப்பு முடிவில், ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்துக்கு எழுதிய இசையை அங்கே அரங்கேற்றினார். மறுஆண்டு லண்டனில் அது வாசிக்கப்பட்டபோது ஒரே இரவில் பெயர் பெற்றார்.

வியன்னாவின் கதை இன்னும் பழையது. இசை நண்பர்கள் சங்கம் 1812இல் தோன்றியது. அது நடத்திய பள்ளி 1817இல் அந்தோனியோ சாலியெரியின் தலைமையில் ஒரு பாட்டு வகுப்பாக ஆரம்பித்தது. 1909இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1998இல் பல்கலைக்கழகம் ஆயிற்று. குஸ்டாவ் மாலர் 1875 முதல் 1878 வரை அங்கே படித்தார். இன்றைக்கு அதன் முதன்மை வளாகம் இருப்பது பழைய கால்நடை மருத்துவக் கல்லூரிக் கட்டடங்களில். ஒரு காலத்தில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த முற்றத்தில் இப்போது நாள் முழுக்க ட்ராம்போனும் வயலினும் ஒலிக்கின்றன.

1954இல் பம்பாயிலிருந்து பதினெட்டு வயது சுபின் மேத்தா வந்து சேர்ந்தது இந்தப் பள்ளிக்குத்தான். இசைக்குழு நடத்தும் கலையை ஹான்ஸ் ஸ்வாரோவ்ஸ்கியிடம் கற்றார். கூடவே டபுள்பாஸ் வாசித்தார். இத்தாலியின் கிளாவ்தியோ அபாதோவும் அதே ஆசிரியரிடம் படித்தார். பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளுக்கு வெளியாரை அனுமதிப்பதில்லை. பார்த்தார்கள் இருவரும், இசை நண்பர்கள் சங்கத்தின் பாடகர் குழுவில் பேர் கொடுத்துச் சேர்ந்துவிட்டார்கள். குழுவில் நின்று பாடுபவரை யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள் அல்லவா? பாடிக்கொண்டே, புரூனோ வால்டரும் கராயனும் ஓர் இசைக்குழுவை எப்படிக் கையாளுகிறார்கள் என்று சில அடி தூரத்தில் நின்று பார்த்தார்கள். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனாலும் வியன்னாவுக்குப் போய்ப் படித்ததன் பாதிப் பயன் இதுதான் என்று சொல்லலாம்.

இப்போதைய பரிமாற்றப் படிப்புக்கு அடித்தளம் 1987இல் ஐரோப்பியச் சமூகம் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம். முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். இப்போது ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் போகிறார்கள். மாணவர் தம் சொந்தக் கல்லூரிக்குக் கட்டும் கட்டணத்தோடு சரி. போகும் இடத்தில் கல்விக் கட்டணம் இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஓரளவு உதவித்தொகை உண்டு. படித்ததை அளக்க ஒரு பொதுப் படியும் வகுத்தார்கள். ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒரு பருவத்துக்கு 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு.

‘உழைப்பு’ என்ற சொல்லில்தான் இசை மாணவருக்குரிய நியாயம் இருக்கிறது. ஒரு பருவத்தில் முதன்மைக் கருவிக்கு 12 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். அது 300 முதல் 360 மணி நேரம். ஆசிரியருடன் வாரம் ஒன்றரை மணி வீதம் 15 வாரம் உட்கார்ந்தாலும் இருபத்திரண்டரை மணிதான் தேறும். மீதி முழுவதும் சாதகம். நாளைக்கு மூன்று மணி நேரம், ஞாயிறும் சேர்த்து. நம்மூரில் அசுர சாதகம் என்று வியந்து பேசும் விஷயத்தை அங்கே படிவத்தில் எண்ணாக எழுதிவைத்திருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தனியே வாசிக்கும் நேரமும் படிப்புதான் என்று ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்வது சின்ன விஷயம் அல்ல.

விண்ணப்பிக்கும் முறையும் மற்றப் பாடங்களிலிருந்து வேறுபடும். மதிப்பெண் பட்டியலைவிட ஒலி, ஒளிப்பதிவுகள் முக்கியம். இரண்டு மூன்று மாறுபட்ட காலத்துப் படைப்புகளை, வெட்டி ஒட்டாமல், ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஐரோப்பிய இசைக் கல்லூரிகளுக்கு 1953இல் அமைந்த ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. இந்த விண்ணப்பங்களுக்கென்றே அது ஓர் இணையவழி ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஆனால் முடிவு செய்வது கணினி இல்லை. பதிவைக் கேட்ட ஆசிரியர், தம் வகுப்பில் இடம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு பியானோ ஆசிரியரிடம் பதினைந்து பேருக்குமேல் இருந்தால் பதினாறாவது மாணவருக்கு வாரத்தில் நேரம் எங்கே கிடைக்கும்? நல்ல பதிவு அனுப்பியும் இடம் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முந்தைய கோடை விடுமுறையிலேயே அந்த ஆசிரியர் நடத்தும் கோடைக்காலப் பயிற்சி முகாமுக்குப் போய் ஒரு வாரம் அவரிடம் வாசித்துக் காட்டிவிடுகிறார்கள். மேத்தாவும் அபாதோவும்கூட 1956இல் இத்தாலியின் சியனா நகரில் இப்படியொரு கோடை வகுப்பில் இருந்தவர்கள்தான்.

முழுப் பட்டத்துக்குச் சேருகிறவர்களுக்குப் பதிவு மட்டும் போதாது. நேரில் நுழைவுத் தேர்வு உண்டு. ஜெர்மனியின் 24 அரசு இசை உயர்கல்லூரிகளிலும் இதுதான் நடைமுறை. நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மாணவர் தயாரித்துக்கொண்டு போன உருப்படிகளிலிருந்து அவர்கள் கேட்டதை வாசிக்க வேண்டும்; பாதியில் கையைத் தூக்கி நிறுத்திவிட்டு அடுத்ததைக் கேட்பார்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் காது சோதனை: பியானோவில் வாசிக்கும் மெட்டைக் கேட்டுத் தாளில் எழுதுவது, இரண்டு ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைச் சொல்வது. புல்லாங்குழல் படிக்க வந்தவரும் கொஞ்சம் பியானோ வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். அங்கே இளநிலைப் பட்டம் பெரும்பாலும் எட்டுப் பருவம், 240 கிரெடிட்.

இடம் கிடைத்துப் போய் இறங்கியதும் மாணவர் முதலில் தடுமாறுவது எதில் தெரியுமா? ஸ்வரங்களின் பெயரில். ஆங்கில வழியில் படித்தவருக்கு ஏ-க்கு அடுத்த வெள்ளைக்கட்டை பி. ஜெர்மன்காரருக்கு அது ஹெச். அவர்கள் ‘பி’ என்று சொன்னால் அதற்கு அரை ஸ்வரம் கீழே இருக்கும் கறுப்புக்கட்டை. பாக் தம் பெயரின் நான்கு எழுத்துகளை அப்படியே ஒரு மெட்டாக எழுத முடிந்ததே இந்த வழக்கத்தால்தான். பிரான்சுக்குப் போனால் எழுத்தே கிடையாது. எல்லாம் டோ ரே மி. அங்கே ‘டோ’ என்பது எப்போதும் ஒரே ஸ்தானம், பியானோவின் சி கட்டை. ஹங்கேரியில் கோடாய் வகுத்த முறைப்படி ‘டோ’ இடம் மாறும். எந்தச் சுருதியில் பாட்டு இருக்கிறதோ அதன் ஆதாரமே டோ. கர்நாடக சங்கீதம் கற்றவருக்கு ஹங்கேரி முறை உடனே பிடிபட்டுவிடும், ஏனென்றால் நம் ஸட்ஜமும் அப்படித்தான். பாரிஸில் அதே மாணவர், தாம் ‘ஸ’ என்று உணரும் இடத்தை ‘லா’ என்றோ ‘ஃபா’ என்றோ சொல்லப் பழகுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும்.

சுருதியும் ஊருக்கு ஊர் வேறு. உலகப் பொது அளவு ஏ ஸ்வரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு. வியன்னாவிலும் பெர்லினிலும் இசைக்குழுக்கள் 443 அளவில் சேர்க்கின்றன. பழைய பரோக் கால இசையைப் படிக்கும் வகுப்புக்குள் போனால் 415, அதாவது கிட்டத்தட்ட அரை ஸ்வரம் கீழே. கேட்பவருக்கு 440-க்கும் 443-க்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். காற்றுக்கருவி வாசிப்பவருக்கோ உதட்டுப் பிடியையும் குழாய் நீளத்தையும் சரிசெய்ய வேண்டிய வேலை.

கருவியே மாறிப்போகும் இடங்களும் உண்டு. ஹார்ன் என்னும் ஊதுகருவியில் உலகெங்கும் புழங்குவது இரட்டை ஹார்ன்: எஃப், பி-ஃபிளாட் என இரு குழாய்கள் ஒரே கருவிக்குள் சுருண்டிருக்கும், மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கட்டைவிரல் வால்வை அழுத்திக் குட்டைக் குழாய்க்கு மாறிக்கொள்ளலாம். வியன்னாக்காரர்கள் அந்த வசதியை வேண்டாம் என்றவர்கள். அவர்களுடைய ஹார்னில் எஃப் குழாய் மட்டுமே, நீளம் ஏறத்தாழ 3.7 மீட்டர். குழாய் நீளமாக இருந்தால் மேலே ஸ்வரங்கள் நெருங்கி அமையும். உதடு மயிரிழை பிசகினாலும் பக்கத்து ஸ்வரம் வெடித்துக்கொண்டு வரும். வால்வும் பழைய காலத்து இரட்டைக் குழல் பிஸ்டன் வால்வு. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அது வழுக்கிக்கொண்டு போகிறது. ஆபத்து அதிகம், ஆனால் அந்த இருண்ட, மெழுகு போன்ற நாதம் வேறு எதிலும் வராது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் இன்றும் அதைத்தான் வாசிக்கிறது. ஓபோவிலும் வியன்னாவுக்கென்று தனி வகை உண்டு. கிளாரினெட் படிப்பவருக்குச் சிக்கல் இன்னும் பெரியது. 1844இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற பேம் முறைக் கிளாரினெட்தான் உலகின் பெரும்பகுதியில் புழங்குகிறது. ஜெர்மன், ஆஸ்திரிய இசைக்குழுக்கள் வேறு விரலடைவு கொண்ட ஜெர்மன் முறையையே கேட்கின்றன. ஒரு பருவத்துக்குப் போகிறவர் தம் கருவியோடு போய்த் திரும்பலாம். அங்கேயே வேலை தேட நினைப்பவர் விரல்களை அடிப்படையிலிருந்து மறுபடி பழக்க வேண்டும். இந்த விவரங்களைச் சேர்க்கைக் கையேடுகளில் தேடினால் கிடைப்பது அரிது. அங்கே படிக்கும் மூத்த மாணவர்களைக் கேட்டால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள்.

இனி அந்த ஒரு மணி நேரம். புதிய ஆசிரியர் முதல் பாடத்தில் முழு உருப்படியையும் பேசாமல் கேட்பார். இரண்டாம் பாடத்தில் முதல் எட்டு அட்சரத்தைத் தாண்ட விடமாட்டார். வயலின் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். வில்லைப் பிடிப்பதில் அவளுடைய சுண்டுவிரல் விறைத்து நிற்கிறது. ஊரில் ஆறு ஆண்டாகச் சொல்லிக்கொடுத்தவர் அதைக் குறையாக நினைக்கவில்லை. அவர் வழி வேறு. இங்கே ஆசிரியர் விரலை மடக்கச் சொல்கிறார். மடக்கினால் வில் நழுவுகிறது. நேற்றுவரை சுத்தமாக வந்த பிருகா போன்ற வேகச் சங்கதிகள் உதிர்கின்றன. மூன்று வாரம் வெறும் திறந்த தந்தியில் நீண்ட வில் மட்டும். ஆறாம் வாரத்தில் நாதம் அகலமாகிறது. ஆனால் பழைய உருப்படிகள் இன்னும் புதிய கையில் உட்காரவில்லை. பத்தாம் வாரத்தில் உட்காரத் தொடங்கும்போது பருவம் முடியப்போகிறது.

ஒரு பருவப் பரிமாற்றத்தின் உண்மையான இடர் இது. கையையும் மூச்சையும் மாற்றப் பதினைந்து வாரம் போதாது. நல்ல ஆசிரியர்கள் இதை அறிந்து, வந்தவர் ஒரு பருவத்துக்கா ஓராண்டுக்கா என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு பருவம் என்றால் கையைத் தொடாமல் உருப்படிகள், நடை, நாதம் பற்றி மட்டும் பேசுவார்கள். முடிந்தால் ஓராண்டுக்குப் போவதே மேல்.

பாடம் பெரும்பாலும் திறந்த கதவோடு நடக்கும். ஒரே ஆசிரியரின் மாணவர்கள் மற்றவர் பாடத்தில் போய் உட்காரலாம். மற்றவருக்குச் சொன்னது தமக்கும் பொருந்துவதைக் கேட்கலாம். பழைய குருகுலத்தில் திண்ணையில் உட்கார்ந்து மூத்த சீடரின் பாடத்தைக் கேட்டதற்கு இது வெகு தூரம் இல்லை. மாதம் ஒருமுறையாவது வகுப்பு மாணவர்கள் எல்லாரும் மேடையேறும் மாலை நிகழ்ச்சி இருக்கும். பக்கவாத்தியமாகப் பியானோ வாசிக்கக் கல்லூரியே ஆள் வைத்திருக்கிறது. அவருடன் ஒத்திகை பார்ப்பதும் பாடத்தில் அடக்கம். சாதகம் செய்ய அறைகள் உண்டு, ஆனால் ஆளுக்கு ஒன்று கிடையாது. அடுக்குமாடி வீட்டில் ட்ரம்பெட் ஊதினால் பக்கத்து வீட்டார் பொறுப்பார்களா? ஆகவே காலையில் கதவு திறக்கும்போதே வாசலில் கூட்டம் நிற்கும். சாயங்காலம் வேறு படிப்பு: வியன்னா அரசு ஆப்பெராவிலும் மூசிக்ஃபெரைன் அரங்கிலும் நின்றுகொண்டே கேட்பதற்கான மலிவு விலைச் சீட்டுகள் விற்கிறார்கள். பருவம் முழுக்க அங்கே நிற்கும் மாணவர், புத்தகத்தில் படிக்க முடியாத ஒரு நூலகத்தைக் காதில் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்.

இதுவரை சொன்னது வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும். பொதுப் பல்கலைக்கழகங்களின் இசைத் துறைகள் வேறு. ஜெர்மன் மொழி நாடுகளில் இந்தக் கோடு மிகத் தெளிவு: வாசிக்க இசை உயர்கல்லூரி, இசையின் வரலாறு, இலக்கணம், அழகியல் படிக்கப் பல்கலைக்கழகம். பின்னதில் கருவிப் பாடமே இருக்காது. பிரிட்டனில் கோடு கொஞ்சம் மங்கல். பல்கலைக்கழக இசைப் பட்டம் இங்கிலாந்தில் மூன்றாண்டு, ஆய்வுக்கும் எழுத்துக்கும் முக்கியத்துவம். ராயல் அகாடமி போன்ற கல்லூரிகளில் நான்காண்டு, வாசிப்பே பிரதானம். அமெரிக்காவில் இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். ஓபர்லின் கல்லூரியில் ஐந்தாண்டில் ஓர் இசைப் பட்டமும், வேறு பாடத்தில் ஒரு கலைப் பட்டமும் வாங்க வழி இருக்கிறது. பாஸ்டனின் பெர்க்லீ கல்லூரி 2012இல் ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு வளாகமே திறந்து, தன் மாணவர்களை ஒரு பருவம் அங்கே அனுப்புகிறது. எதில் சேருகிறோம் என்று தெரியாமல் சேர்ந்து, வாரப் பாடம் இல்லையே என்று பிறகு வருந்துவதைவிட, முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

பல்கலைக்கழகத்துக்குள் கருவியைத் திரும்பக் கொண்டுவந்த ஒரு துறையும் உண்டு. அதில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு. இந்தோனேசியக் காமெலான் இசையை ஆய்ந்த மேண்டில் ஹுட், பிற நாட்டு இசையைப் பற்றி எழுதுகிறவர் அதை வாசிக்கவும் கற்க வேண்டும் என்று 1960இல் வாதிட்டு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாக்கினார். அவரிடம் படித்த ராபர்ட் பிரௌன், கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1960களின் தொடக்கத்தில் உலக இசைப் படிப்பை உருவாக்கினார். வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகள் மூவர் அங்கே ஆசிரியர்களாகப் போனார்கள்: பரதநாட்டியம் டி. பாலசரஸ்வதி, மிருதங்கம் டி. ரங்கநாதன், புல்லாங்குழல் டி. விஸ்வநாதன். அமெரிக்க மாணவர்கள் பட்டத்துக்கான பாடமாக, தரையில் உட்கார்ந்து சரளி வரிசை பாடினார்கள், சொற்கட்டு சொன்னார்கள்.

அவர்களில் ஒருவர் ஜான் ஹிக்கின்ஸ். 1962இல் வெஸ்லியனில் இளநிலைப் பட்டம் பெற்றவர். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்து பாலசரஸ்வதியிடமும் விஸ்வநாதனிடமும் கற்று, 1965இல் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பாடினார். ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்று ரசிகர்கள் அழைத்தது அன்பினால் மட்டும் இல்லை. உச்சரிப்பும் கமகமும் அவ்வளவு சுத்தம். 1973இல் பரதநாட்டியத்தின் இசை பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு முன்பே, 1971இல், மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனுடன் சேர்ந்து கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கியிருந்தார். 1984 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது வயது 45. வெளிநாட்டு இசைப் படிப்பு எவ்வளவு ஆழத்துக்குப் போக முடியும் என்பதற்கு இவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

எதிர்த் திசையிலும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டுள்ளன. ஆம்ஸ்டர்டாம் இசைக் கல்லூரியில் ரஃபேல் ரெய்னா என்பவர் கர்நாடகத் தாள முறைகளை மேற்கத்திய மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறார். கதி பேதமும் யதியும் அங்கே செல்லோ மாணவர்களின் பயிற்சி. இலங்கைத் தமிழர்க்கு வெளிநாட்டு இசைப் படிப்பு என்றால் நெடுங்காலம் அது பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் இருந்தது. 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியில் படித்து ‘சங்கீதபூஷணம்’ பட்டத்தோடு யாழ்ப்பாணம் திரும்பியவர்கள் அங்கே இரண்டு தலைமுறைக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள்.

இந்தியாவிலிருந்து இன்று போக நினைப்பவர் முன்னே இருக்கும் வாசல்கள் சில. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட விதிகள், இந்தியப் பட்டத்தின் ஒரு பகுதியை வெளிநாட்டுப் பங்காளிப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் தருகின்றன; இரட்டை ஏற்பாடு எனப்படும் வகையில் வெளியே பெறும் கிரெடிட் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பட்டம் இந்தியப் பல்கலைக்கழகமே தரும். இரு கல்லூரிகளுக்கும் முன்கூட்டியே ஒப்பந்தம் இருந்தால்தான் இது நடக்கும். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி லண்டனின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்துடன் அப்படியொரு தொடர்பை அமைத்துக்கொண்டது.

செலவு நாட்டைப் பொறுத்தது. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசு இசைக் கல்லூரிகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்குச் சிறு பங்களிப்பு மட்டும். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆஸ்திரியாவில் அது 726.72 யூரோ. ஜெர்மன் விசாவுக்கு ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும்; 2024 இறுதியில் அந்தத் தொகை 11,904 யூரோ. பிரிட்டன், அமெரிக்கக் கட்டணங்கள் இதைவிடப் பல மடங்கு. கருவிக்கு விமானத்தில் தனிச் செலவு உண்டு. செல்லோவுக்குப் பக்கத்து இருக்கையையே வாங்க வேண்டியிருக்கும். பழைய வில்லில் தந்தமோ ஆமையோடோ இருந்தால் வனவிலங்குப் பொருள் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை கடக்கக் கூடாது.

திரும்பி வந்ததும் காகித வேலை மிச்சம் இருக்கும். புறப்படுமுன் மாணவர், இரு கல்லூரிகள் என மூன்று தரப்பும் கையெழுத்திட்ட கற்றல் ஒப்பந்தத்தோடு, அங்கிருந்து வரும் மதிப்பெண் பட்டியலை ஒத்துப்பார்ப்பார்கள். காதுப் பயிற்சி, இலக்கணம், சேர்ந்திசை போன்ற தாள்களை ஒன்றுக்கு ஒன்று சேர்த்துக்கொள்வதில் சிக்கல் வருவது ஊர் மாறினால் தாளின் பெயரும் அளவும் மாறுவதால்தான். போகுமுன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. முதன்மைக் கருவிக்கு மட்டும் பல கல்லூரிகள் எண்ணில் மதிப்பெண் போடாமல் தேர்ச்சி என்று குறித்துக்கொண்டு, மாணவரைத் தம் நடுவர்கள் முன்னால் வாசிக்கச் சொல்கின்றன. அந்த அறையில் பழைய ஆசிரியரும் உட்கார்ந்திருப்பார். மாணவி வில்லை எடுக்கும்போதே அவர் கண் அவளுடைய சுண்டுவிரலுக்குப் போகும்.